மூடியைத் திறந்து பார்த்த பிள்ளை

நாமக்கல்லுக்குள் நுழையும்போது சாலையோரப் பட்டறைகளில் ஒரு காட்சி தவறாது. முன்னால் எஞ்சின், பின்னால் வெறும் இரும்புச் சட்டம் என்று லாரிகள் வரிசையாக நிற்கும். கம்பெனியிலிருந்து வருவது அந்த சேஸிஸ்தான். அதன் மேல் கேபினும் தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து, பெயர் எழுதிச் சாலைக்கு அனுப்புவது பட்டறை வேலை.

அந்தப் பட்டறைகளில் ஆள் எடுக்கும் முறை ரொம்ப எளிது. வேலை கேட்டு வரும் பையனிடம் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இரண்டு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, “ஒரு வெல்டிங் வெச்சுக் காட்டு கண்ணு” என்பார்கள். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். பற்று சீராக விழுந்திருக்கிறதா, ஓட்டை விட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தாலே அந்தக் கை எத்தனை நாள் பழகிய கை என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிடும்.

அந்த மேஸ்திரியின் வீட்டில் ஒரு பிள்ளை பொறியியல் படிக்கும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 1966-ல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரி முதல், திருச்செங்கோட்டையும் ராசிபுரத்தையும் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் வரை வரிசையாக இருக்கின்றன. நகையை அடகு வைத்தோ, வங்கியில் கல்விக் கடன் வாங்கியோ நாலு வருஷம் படிக்க வைக்கிறார்கள். கடைசி வருஷம் வரும்போது ‘பிராஜெக்ட்’ என்று ஒன்று வருகிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடையில் வாங்கிய பிராஜெக்ட்

கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் எல்லாம் ‘பிராஜெக்ட் சென்டர்’ போர்டுகளைப் பார்க்கலாம். பணம் கட்டினால் போதும். சர்க்யூட் போர்டு, புரோகிராம், நூறு பக்க ரிப்போர்ட், தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை, எல்லாம் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாங்காத மாணவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆனால் வாங்கும் பழக்கம் ஒரு ரகசியமாகக்கூட இல்லாமல் போய்விட்டது.

கல்லூரித் தேர்வில் அது ஓடிவிடும். இன்டர்வியூவில் ஓடாது. “உங்க பிராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுங்க” என்ற முதல் கேள்விக்கு மனப்பாடம் செய்த பதில் வரும். “இந்த இடத்துல ஏன் இந்த ரெசிஸ்டர் போட்டீங்க?” என்ற இரண்டாவது கேள்வியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். “பண்ணும்போது எது முதல்ல வேலை செய்யல?” என்ற மூன்றாவது கேள்விக்குப் பதிலே இருக்காது. கடையில் வாங்கிய போர்டு வாங்கும்போதே வேலை செய்துகொண்டிருந்தது. தப்பு செய்யும் வாய்ப்பே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

மேஸ்திரி தன் பட்டறையில் பார்ப்பதைத்தான் இன்டர்வியூ அறையில் உட்கார்ந்திருப்பவரும் பார்க்கிறார். வெல்டிங் வைத்த கையா, வெல்டிங்கைப் பற்றிப் படித்த வாயா என்பதே அவருடைய கேள்வியும். அப்படியானால் கம்ப்யூட்டர் துறையில் வெல்டிங் வைத்துப் பழக எங்கே போவது? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சின்னப் போர்டும், அதன் திறந்த வடிவமைப்பும் அதற்கு நல்ல பட்டறை.

கோல நோட்டு மாதிரி

‘ஓப்பன் ஹார்டுவேர்’ என்ற சொல்லைக் கேட்டு மலைக்க வேண்டாம். மார்கழியில் தெருவுக்குத் தெரு கைமாறும் கோல நோட்டை நினைத்துக்கொண்டால் போதும். பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்து என்று எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்த்துப் போடலாம். ஓரத்தில் தாமரைக்குப் பதில் மயில் வைத்து மாற்றலாம். மாற்றியதைத் தன் நோட்டில் வரைந்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்கும் அப்படியொரு நோட்டு உண்டு. எந்த சிப், எந்தக் கால் எதனுடன் இணைகிறது, செப்புத் தடம் எந்த வழியாகப் போகிறது, என்னென்ன உதிரிகள் தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் இதைப் பூட்டி வைத்திருக்கும். ஓப்பன் ஹார்டுவேர் என்றால் இதைப் பொதுவில் வைத்துவிட்டார்கள் என்று பொருள். யாரும் பார்க்கலாம், செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பல உரிமங்களில் நிபந்தனை இரண்டுதான். மூலத்தை உருவாக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றினால் மாற்றியதையும் திறந்து வைக்க வேண்டும்.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பிரபலமானது ஆர்டுயினோ. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் ஒரு டிசைன் கல்விக்கூடத்தில் பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் மலிவான ஒரு போர்டை வைத்து விளக்கு எரிய வைக்க வேண்டும், மோட்டாரைச் சுழற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். வடிவமைப்பைத் திறந்து வைத்தார்கள். பெயரை மட்டும் வணிகச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் வேறு வேறு பெயர்களில் அதே போர்டு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2025 அக்டோபரில் குவால்காம் என்ற பெரிய சிப் நிறுவனம் ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தது. கம்பெனி யார் கைக்குப் போனாலும், ஏற்கெனவே திறந்து வைத்த வடிவமைப்புகள் ஊர்ச் சொத்துதான். நோட்டு ஏற்கெனவே ஆயிரம் வீடுகளுக்குப் போய்விட்டது!

ஆள் கிடைக்காததால் பிறந்த கம்ப்யூட்டர்

ராஸ்பெர்ரி பை கதை இன்னும் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் எபன் அப்டன். விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைவதைப் பார்த்தார். வருகிறவர்களின் அனுபவமும் குறைந்துகொண்டே போனது. 1990-களில் வந்த பிள்ளைகள் வீட்டில் பி.பி.சி. மைக்ரோ போன்ற கம்ப்யூட்டர்களை வைத்துப் புரோகிராம் எழுதிப் பழகியவர்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத்தான் அறிந்திருந்தார்கள். வீட்டில் இருந்த விலை உயர்ந்த கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடுவார்களோ என்று பெற்றோர் தொட விடவில்லை.

‘கெட்டுப் போனாலும் கவலையில்லை’ என்கிற விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அப்டனும் நண்பர்களும் யோசித்ததன் விளைவு ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று, 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. சில ஆயிரம் போனால் பெரிது என்று நினைத்தார்கள். பல கோடி விற்றுவிட்டது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ராஸ்பெர்ரி பையில் ஓடும் லினக்ஸ் திறந்த மென்பொருள். ஆனால் அந்தப் பெரிய போர்டின் வடிவமைப்பு முழுதாகத் திறந்ததல்ல. அதே நிறுவனம் 2021-ல் 4 டாலர் விலையில் வெளியிட்ட ‘பிகோ’ என்ற குட்டிப் போர்டின் வடிவமைப்புக் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீகிள்போர்டு வரிசை, லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரையே திறந்த வடிவமைப்பாகத் தருகிறது. பிள்ளைக்கு வாங்கும் முன் ‘இதன் சர்க்யூட் டயக்ராம் கிடைக்குமா?’ என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

பெங்களூரு முந்திக்கொண்டது, ஆனால்…

ராஸ்பெர்ரி பைக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இப்படி ஒரு முயற்சி நடந்தது. பெயர் சிம்ப்யூட்டர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2001-ல் அறிமுகமானது. கையடக்கமானது. லினக்ஸில் ஓடும். இந்திய மொழிகளில் எழுத்தைக் குரலாக வாசிக்கும். ஒரே கருவியைக் கிராமத்தில் பலர் ஸ்மார்ட் கார்டு போட்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அதன் வன்பொருள் வடிவமைப்பையும் தனி உரிமத்தோடு வெளியிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின.

2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ என்ற பெயரில், ஏறக்குறைய 10,000 ரூபாயில் தொடங்கும் விலையில் கடைக்கும் வந்தது. ஆனால் விற்பனை எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. செல்போன் விலை குறைந்துகொண்டே வந்தது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. வடிவமைப்பு திறந்திருந்தது, ஆனால் அதை எடுத்துப் பிரித்து விளையாட மாணவர் கூட்டம் இல்லை. அந்த விலையில் ஒரு கருவியை வாங்கிப் பிரித்துப் பார்க்க எந்தக் கல்லூரிப் பிள்ளைக்கு அன்றைக்குத் தைரியம் இருந்திருக்கும்? நோட்டு இருந்தது, கோலம் போட ஆளில்லை.

கிண்டியில் போட்ட விதை

அந்தக் குறை தீர்ந்த இடம் சென்னை ஐ.ஐ.டி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற திறந்த அடிப்படை உருவானது. ஒரு பிராசஸர் எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான பொது இலக்கணம் அது. அதை வைத்து 2014-ல் பேராசிரியர் வீ.காமகோடி தலைமையிலான குழு ‘சக்தி’ பிராசஸர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கம்ப்யூட்டரின் மூளையையே திறந்த வடிவமைப்பாகப் பொதுவில் வைத்தார்கள். 2018-ல் சக்தி சிப்புகள் கையில் வந்தன. அவற்றில் ஒன்று சண்டிகருக்கு அருகே மொஹாலியில் உள்ள மத்திய அரசின் எஸ்.சி.எல். ஆலையில் தயாரானது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காக உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப்பை அறிவித்தார்கள்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது வேறு. சக்தி திட்டத்தில் வேலை பார்த்தவர்களே 2018-ல் ‘இன்கோர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ‘மைண்ட்குரோவ்’ என்ற இன்னொரு நிறுவனம், சக்தி வடிவமைப்பை அடிப்படையாக வைத்து 2024-ல் தன் முதல் சிப்பை அறிமுகப்படுத்தியது. திறந்த வடிவமைப்பில் பழகிய கைகள் முதலில் வேலை கற்றன. பிறகு வேலை கொடுக்கும் இடத்துக்குப் போயின. லாரிப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, மேஸ்திரியாகி, சொந்தப் பட்டறை வைப்பது போலத்தான்.

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அங்கே 2,000 பள்ளிகளுக்கு 9,000 ஆர்டுயினோ ரோபோ கிட்களை அரசு கொடுக்கத் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் பள்ளியிலேயே போர்டைத் தொட்டுவிடுகிறார்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016 முதல் நாடு முழுக்க இருக்கிறது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அப்படி லேப் அமைந்த பள்ளியில் பிள்ளை படித்தால், அந்த அறை வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்பது தப்பே இல்லை. பூட்டிக் கிடக்கும் போர்டு எந்தக் கையையும் பழக்காது.

கோழிப்பண்ணையில் ஒரு பாடம்

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் போர்டுகளுக்கு வேலை இல்லாமலா இருக்கிறது? கத்திரி வெயில் நாள்களில் முட்டைக்கோழி ஷெட்டுக்குள் போனால் தெரியும். கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தீவனம் எடுப்பது குறையும். முட்டை குறையும், ஓடும் மெலியும். பண்ணைக்காரர் பனித்துளி போலத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகரைப் போட்டு ஷெட்டைக் குளிர வைப்பார்.

கல்லூரி மாணவி ஒருத்தி இதற்கு ஒரு பிராஜெக்ட் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் ஃபாகர் தானாக ஓட வேண்டும். ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்.எம்.35 என்ற வெப்ப சென்சார், மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே. கேட்க எளிதுதான்.

முதல் நாளே ஒரு விசித்திரம் நடக்கும். வெப்ப அளவு 38.1, 38.6, 39.1 என்று அரை அரை டிகிரியாகத் தாவும். இடையில் எதுவும் வராது. சென்சார் கெட்டுவிட்டதா? இல்லை. ஊனோ போர்டு 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துத்தான் அளக்கும். ஒரு படிக்கு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அந்த சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆக, அரை டிகிரிக்குக் கீழே போர்டின் கண்ணுக்குத் தெரியாது. போர்டுக்குள்ளேயே 1.1 வோல்ட் என்ற சின்ன அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றினால் பத்தில் ஒரு டிகிரி வரை தெரியும். சிப்பின் கையேட்டைப் புரட்டினால்தான் இது புரியும்.

இரண்டாம் நாள், மோட்டார் ஓடத் தொடங்கியதும் போர்டு திடீரென்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரிலேயும் மோட்டாரும் கிளம்பும் நொடியில் மின்சாரத்தில் ஏற்படும் தடுமாற்றம்தான் காரணம். போர்டுக்குத் தனி பவர் சப்ளை கொடுத்து, ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டுப் பார்க்க வேண்டும். திறந்த சர்க்யூட் டயக்ராம் கையில் இருந்தால், மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று விரல் வைத்துத் தேடலாம்.

மூன்றாவது பாடத்தைப் பண்ணைக்காரர் சொல்லிக் கொடுப்பார். “காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கறப்ப ஃபாகரைப் போட்டா பிரயோஜனம் இல்ல கண்ணு, கோழிக்குப் புழுக்கம்தான் ஏறும்” என்பார். தண்ணீர் ஆவியானால்தானே குளிர்ச்சி! காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாகாது. ஆக வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும், புரோகிராமை மாற்ற வேண்டும். இந்தப் பாடம் எந்த பிராஜெக்ட் சென்டரிலும் கிடைக்காது.

இந்த மூன்று நாள் கதையைச் சொல்லத் தெரிந்த மாணவிக்கு இன்டர்வியூவில் நாக்கு ஒட்டாது. “எது வேலை செய்யல?” என்று கேட்டால் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. போர்டு வேலை செய்வது 5 வோல்ட்டில். பண்ணை மோட்டார் ஓடுவது வீட்டு மின்சாரத்திலோ மூன்று ஃபேஸிலோ. அந்தப் பக்கத்து இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பழகும்போது மோட்டாருக்குப் பதில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கே போதும்.

ஆள் எடுப்பவர் எதைப் பார்க்கிறார்?

பெரிய ஐ.டி. நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வு ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் வடிகட்டுவது. அங்கே மதிப்பெண்ணும் ஆப்டிடியூட் தேர்வும்தான் முதல் சல்லடை. போர்டு செய்த பிள்ளையும் அந்தச் சல்லடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் வேலை அங்கே மட்டும் இல்லை. சேலத்திலிருந்து வடக்கே தருமபுரியைத் தாண்டினால் போச்சம்பள்ளியில் ஓலாவும், ஓசூரில் ஏத்தர், டி.வி.எஸ். ஆலைகளும் இருக்கின்றன. மேற்கே கோவையில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் என்பது சக்கரம் வைத்த பல குட்டிக் கம்ப்யூட்டர்கள்தான். பேட்டரியைக் கவனிக்க ஒன்று, மோட்டாரை ஓட்ட ஒன்று, திரைக்கு ஒன்று. அவற்றுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர்களை ‘எம்பெடட்’ பொறியாளர்கள் என்கிறார்கள். அந்த இன்டர்வியூவில் சர்க்யூட் டயக்ராமைக் காட்டித்தான் பேச்சே தொடங்கும். சேலத்துக்குள்ளேயே உதாரணம் உண்டு. 2023-ல் சந்திரயான்-3-ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் பயன்பட்ட ஒரு மோட்டாரை வடிவமைத்தது சோனா கல்லூரியின் ‘சோனா ஸ்பீட்’ குழு.

பட்டமே இல்லாமல் கையைப் பார்த்து ஆள் எடுக்கும் வழியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக நடத்தும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்க்கிறார்கள். கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. சென்னையிலும் தென்காசியிலும் நடக்கிறது.

இங்கெல்லாம் ரெஸ்யூமேயில் எழுதும் ‘ஆர்டுயினோ தெரியும்’ என்ற ஒரு வரிக்கு மதிப்பு குறைவு. ‘கிட்ஹப்’ போன்ற தளத்தில் அந்தப் பிள்ளை வைத்திருக்கும் வேலைக்கு மதிப்பு அதிகம். அங்கே ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும். மார்ச் மாதம் என்ன தப்பு செய்தார், ஏப்ரலில் எப்படித் திருத்தினார் என்பது வரை தெரியும். நூறு பக்க ரிப்போர்ட்டை ஒரே இரவில் பிரின்ட் போடலாம். ஒன்றரை வருஷப் பதிவை ஒரே இரவில் உண்டாக்குவது கஷ்டம். செயற்கை நுண்ணறிவு நொடியில் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இந்த நாளில், ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்ற கேள்விக்கு முன்பைவிடக் கனம் கூடியிருக்கிறது.

அடுத்தவர் திட்டத்தில் கை கொடுப்பது இன்னும் ஒரு படி மேலே. ஒரு திறந்த போர்டின் கையேட்டில் தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம், தமிழில் விளக்கம் எழுதலாம், ஒரு சென்சாருக்கு வேண்டிய புரோகிராமைச் சேர்க்கலாம். கூகுள் 2005 முதல் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோடு’ திட்டத்தில் பீகிள்போர்டு போன்ற அமைப்புகள் பங்கேற்றிருக்கின்றன. 18 வயது நிறைந்த புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால், வீட்டிலிருந்தபடியே அந்தத் திட்டங்களுக்கு வேலை செய்ய உதவித்தொகை கிடைக்கும்.

வீட்டில் தொடங்க…

* முதல் செலவு பெரிதாக வேண்டாம். ஒரு ஊனோ வகைப் போர்டு அல்லது பிகோ, பிரெட்போர்டு, கொஞ்சம் ஒயர், எல்.இ.டி., ரெசிஸ்டர், ஒரு வெப்ப சென்சார், சாதாரண மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். எல்லாம் கலந்த பெரிய கிட் முதல் நாளே தேவையில்லை.

* சர்க்யூட் வரைந்து பழக ‘கைகேட்’ என்ற மென்பொருள் இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் தரும் ‘இ-சிம்’ மென்பொருளும் இலவசம். போர்டு செய்யும் முன்பே சர்க்யூட் எப்படி வேலை செய்யும் என்று அதில் ஓட்டிப் பார்க்கலாம். அதே ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

* இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு ‘எக்ஸ்ப்ஐஸ்’ கருவி பொருத்தம். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் உருவான திறந்த வடிவமைப்பு அது. கம்ப்யூட்டரில் செருகினால் அலைக்காட்டி உட்பட ஒரு குட்டி ஆய்வகமே கைக்கு வந்துவிடும்.

* வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி லேபில் வாரம் இரண்டு மணி நேரமாவது கேட்டு வாங்கலாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு போர்டு வாங்கினால் செலவும் குறையும், பேசிப் பழகவும் ஆள் கிடைக்கும்.

* செய்கிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். வேலை செய்யாததை முதலில் எழுத வேண்டும். போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

* இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்கு ஊரிலேயே ஒரு தேவையைத் தேடலாம். விசைத்தறி, சேகோ ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், போர்வெல் மோட்டார் என்று சமவெளி முழுக்கக் கேள்விகள் காத்துக் கிடக்கின்றன. பெற்றோரின் தொழிலே சிலருக்குப் பிராஜெக்ட்டாக அமையலாம்.

பிராஜெக்ட் சென்டருக்குக் கட்டும் பணத்தில் இந்தப் பட்டியலில் உள்ளதை எல்லாம் வாங்கி, மிச்சமும் பிடிக்கலாம். வீட்டில் அம்மா அப்பா செய்ய வேண்டியது ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பழைய ரேடியோவின் பின்மூடியைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், “ஏன் கண்ணு கெடுக்கிறே?” என்று அதட்டுவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து “உள்ளே என்ன இருக்கு?” என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த வாரம் தேடிக் கண்டுபிடித்து வந்து சொல்லும்.